அரைமணி நேர உழைப்பு, கண்ணுக்குத் தெரியாத வேட்டை

தேயிலைக்கு நைதரசன் வேண்டுமென்றால் யூரியா மூட்டையை அவிழ்த்துத் தூவுகிறோம். கானுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் கசியும் பாறையில் பாசியோடு பாசியாக ஒட்டிக் கிடக்கும் சிறு செடிக்கு உரம் போட ஆளில்லை. தன் பங்கை அது தானே பிடித்துக்கொள்கிறது. யூட்ரிகுலேரியா ஸ்ட்ரியாட்டுலா என்பது அதன் பெயர். மயிரிழைக் காம்பில் வெள்ளையும் இளஊதாவும் கலந்த பூ, நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. பூவைப் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள். வேலைத்திறன் எல்லாம் அடியில், ஈரப் படலத்துக்குள் இருக்கிறது.

மலையகத்தின் ஊனுண்ணிகளில் கண்ணைக் கவர்வது ட்ரோசெரா பெல்டாட்டாதான். ஹோட்டன் சமவெளியின் புல்வெளியில் பசைத்துளிகளை வெயிலில் மினுக்கிக்கொண்டு நிற்கும். எனக்கென்னவோ அது கொஞ்சம் பகட்டாகத் தெரியும். அடக்கமான வித்தைக்கு யூட்ரிகுலேரியாவிடம்தான் போகவேண்டும். அந்த வித்தையை முழுதாகப் பார்க்க ஏற்றது, தாழ்நிலக் குளங்களில் மஞ்சள் பூவோடு மிதக்கும் அதன் உறவான யூட்ரிகுலேரியா ஆரியா. அதற்கு வேரே கிடையாது. நூலாகப் பிரிந்த இலைகளில் சில மில்லிமீற்றர் அளவுப் பைகள் தொங்கும்.

கைவில்லையில் ஒரு பையைப் பாருங்கள். சுவரின் தடிப்பு இரண்டே செல்கள். பைக்குள் இருக்கும் நீரைச் சுரப்பிகள் ஓயாமல் வெளியே இறைக்கின்றன. உள்ளழுத்தம் குறையக் குறைய, இரு பக்கச் சுவர்களும் உள்வாங்குகின்றன; கண்மருந்துக் குப்பியின் ரப்பர் தலையை நசுக்கிப் பிடித்தாற்போல. ஒருமுறை தயாராக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். வாயில் ஒரு மெல்லிய கதவு, வெளிப்பக்கம் புடைத்து, வாசற்படியில் பசையோடு அழுந்தி நிற்கிறது. கதவில் சில மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

நீர்த்தெள்ளு ஒன்று அந்த மயிரில் இடித்தால் போதும். புடைத்திருந்த கதவு உட்புறமாக மடங்கித் திறக்கிறது, ஒடுங்கிய சுவர்கள் விரிகின்றன, தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. கதவு திறக்க ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. 2011இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதிவேகக் கமெராவில் இதைப் பதிவு செய்தபோது, உறிஞ்சப்படும் நீரின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 600 மடங்குவரை இருந்தது.

1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய சார்ல்ஸ் டார்வின், இரைதான் தலையால் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு நுழைகிறது என்று நினைத்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. நாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் இந்த வேட்டை பல தடவை முடிந்துவிடும். ஆனால் காதுக்கு ஒரு துப்பு கிடைக்கும்: செடியைத் தண்ணீரிலிருந்து மெல்லத் தூக்கினால், தயாராக இருந்த பைகள் காற்றை உறிஞ்சிப் பொரிவது சன்னமாகக் கேட்கும்.

நான் வியப்பது இந்த வேகத்தையல்ல. பிடிக்கும் கணத்தில் செடி எந்த உழைப்பும் செய்வதில்லை. அரைமணி நேரம் நீர் இறைத்துச் சுவரில் சேர்த்துவைத்த விசையைக் கதவு அவிழ்த்துவிடுகிறது, அவ்வளவுதான். தேர்ந்த கலைஞரின் மேடையும் அப்படித்தான். சாதகம் செய்த காலம் அங்கே தெரியாது.

பிடித்த பிறகு அவசரமே இல்லை. பைக்குள் ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லாததால் இரை மூச்சுமுட்டிச் சாகிறது. உட்சுவரில் நான்கு கைகளோடு நிற்கும் சுரப்பிகள் நொதியங்களைச் சுரக்க, உடல் மெல்லக் கரைகிறது. நைதரசனும் பொசுபரசும் செடிக்குப் போகின்றன. பைக்குள் குடியிருக்கும் பக்றீரியாக்களும் இதில் கைகொடுக்கின்றன. ஒருபக்கம் சமிபாடு நடக்க, மறுபக்கம் நீரிறைப்பு மீண்டும் தொடங்கிவிடும்.

சத்தில்லாத தண்ணீரில்தான் இந்த வித்தைக்கு மதிப்பு. உரம் கரைந்து ஓடிவரும் இடத்தில் பாசி மண்டும், வேகமாக வளரும் செடிகள் வெளிச்சத்தை மறைக்கும். பொறி எத்தனை நுட்பமாக இருந்தும் பிழைப்பில்லை. ஆகவே, இந்தப் பூ தெரியும் பாறைப் பக்கம் உரத்தண்ணீர் ஓடும் கானைத் திருப்பாமல் இருந்தாலே போதும். ரசிகர் செலுத்தக்கூடிய மரியாதை அதுதான்.