பத்து நாள் பார்க்க வேண்டிய நாய்

நாய் வரும் படங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நோட்டில் கிறுக்கி வைத்திருந்தேன். ‘பரியேறும் பெருமாள்’ (2018), ‘ஓ மை டாக்’ (2022), கன்னடத்தில் எடுக்கப்பட்டுத் தமிழிலும் வந்த ‘777 சார்லி’ (2022) என்று மூன்று படங்கள். எதில் எத்தனை நிமிஷம் நாய் வருகிறது, யார் எங்கே அழுகிறார்கள் என்று அட்டவணைகூடப் போட ஆரம்பித்திருந்தேன். எழுத உட்காருவதற்குள் எங்கள் தெருக் கருப்பி எதிர்வீட்டு ஆயாவைக் கடித்துவிட்டது. அட்டவணை அப்படியே கிடந்துவிட்டது. அதற்கப்புறம் மூன்றையும் மறுபடி பார்த்தேன். முன்னே அழுத இடங்களில் அழுகை வரவில்லை. இவங்க எல்லாம் மத்த நாள்ல நாயை வச்சிக்கிட்டு என்ன பண்றாங்க என்ற கேள்விதான் வந்தது.

முதலில் கருப்பி. நான் குடியிருப்பது திண்டிவனம், வேலை விழுப்புரம். நடுவில் சுமார் 40 கிலோமீட்டர் நாற்கரச் சாலை. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று எங்கேயாவது ஒரு நாய் அடிபட்டுக் கிடப்பதை பஸ் ஜன்னல் வழியாக அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, காலையில் தெருமுனை டீக்கடையில் ரெண்டு பொறை வாங்கிக் கருப்பிக்குப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பெயர் நான் வைத்ததில்லை. ‘பரியேறும் பெருமாள்’ பார்த்துவிட்டுத் தெருப் பசங்க வைத்தது. படத்துக் கருப்பி சிப்பிப்பாறை வேட்டை நாய். எங்களுடையது மூக்கு மட்டும் கறுத்த, செம்மண் நிறத்து நாட்டு நாய். வருஷத்துக்கு ரெண்டு ஈத்து. குட்டிகளில் பாதி லாரிக்கும் பார்வோவுக்கும் போகும், மீதி எங்கே போகிறது என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. நானும் வைத்ததில்லை. பொறை போட்டதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆயா குப்பை கொட்டப் போனார். கெண்டைச் சதையில் பல் இறங்கி ரத்தம் வந்துவிட்டது. நான் ஓடும்போது மருமகள் சுண்ணாம்பும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு வந்தார். அதைத் தடுத்து, குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். பதினைந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது, ஒரு வயசானவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் தெரியும். அந்தப் பதினைந்து நிமிஷமும் ஆயா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “ஏம்பா, நீ பொறை போட்டு வளக்கிற நாய்தான?”

அரசு மருத்துவமனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்தக்காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், ரெண்டு கையிலும் தோலுக்குள் தடுப்பூசி. அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று ஆயா நடுங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் தம்பிக்குச் சின்ன வயசில் 14 ஊசி அப்படிப் போட்டார்களாம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2005 வாக்கில் நின்றுபோனது என்று சொன்னேன். நம்பவில்லை. மேல்கையில் ஊசி போட்டு முடித்த பிறகும், “வயித்துல எப்போ போடுவாங்க?” என்று கேட்டார்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னதுதான் இந்தக் குறிப்பின் தலைப்பு. “தெரிஞ்ச நாய்தானே? பத்து நாள் பாருங்க. நல்லா இருந்தா பயமில்ல. ஆனா அதுக்காக ஊசிய நிறுத்தக் கூடாது.” வெறிநோய்க் கிருமி நாயின் மூளையைத் தொட்ட பிறகுதான் எச்சிலுக்கு வருகிறது. அந்தக் கட்டத்துக்கு வந்த நாய் சில நாட்களில் நோய் முற்றிச் செத்துவிடும். ஆகவே கடித்த நாய் பத்து நாள் கழித்தும் உயிரோடு, ஒழுங்காகத் தின்றுகொண்டு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம்.

அந்தப் பத்து நாளை நான் மறக்க மாட்டேன். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை கருப்பியைப் பார்ப்பேன். தண்ணி குடிக்கிறதா, வாயில் நுரை இருக்கிறதா, பேர் சொன்னால் திரும்புகிறதா? தெருவில் ரெண்டு பேர் கட்டையோடு தயாராக இருந்தார்கள். அடித்துப் போட்டுவிட்டால் எதைப் பார்ப்பது என்று கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினேன். நாலாவது நாள் கருப்பியைக் காணோம். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தேடினேன். கறிக்கடை, ரயில்வே லைன் ஓரம், பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் எங்கேயும் இல்லை. கடைசியில் கட்டி முடிக்காத ஒரு வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில், ஐந்து குட்டிகளோடு கிடந்தது. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். அப்போதுதான் விளங்கியது. முதலில் குட்டிகளைப் போட்டிருந்தது குப்பைமேட்டுக்குப் பக்கத்தில். ஆயா கூடையோடு நேரே அங்கே போயிருக்கிறார். கடி விழுந்து ஆள் நடமாட்டம் அதிகமானதும் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இங்கே கொண்டுவந்துவிட்டது.

இனி படங்களுக்கு வருகிறேன்.

சினிமாவில் நாயை வளர்ப்பது என்பது பெரும்பாலும் ஒரு பாட்டு. முதல் சரணத்தில் நுரை பொங்கக் குளிப்பாட்டுவார்கள், ரெண்டாவது சரணத்தில் குட்டி பெரிசாகிவிடும். கண்டெடுக்கிற காட்சியும் பிரிகிற காட்சியும் விஸ்தாரமாக இருக்கும். நடுவில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு வருஷம், அதாவது உண்மையில் நாயோடு வாழ்கிற வாழ்க்கை, பாட்டுக்குள் போய்விடும். (பூனைக்கு அந்தப் பாட்டும் கிடையாது. பேய்ப் படத்தில் பரண் மேலிருந்து குதித்துப் பயமுறுத்த மட்டும் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் ரெண்டு இருக்கின்றன. அவை இதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.)

‘ஓ மை டாக்’ குழந்தைகளுக்கான படம், அதைப் போட்டு அடிப்பது என் நோக்கமில்லை. பார்வையில்லாத ஹஸ்கி குட்டியை வேண்டாம் என்று தள்ளுகிறார்கள், ஒரு பையன் எடுத்து வளர்க்கிறான். விலைக்கு வாங்காமல் தள்ளப்பட்டதை எடுக்கிறான் என்பது நல்ல ஆரம்பம். ஆனால் படம் போகப்போக, குட்டிக்குப் பார்வை வந்தாக வேண்டும், போட்டியில் ஜெயித்தாக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. பார்வை வராமலே, பரிசு வாங்காமலே அது வீட்டு மூலையில் பன்னிரண்டு வருஷம் கிடந்திருந்தால்? அந்த நாயையும் அந்தப் பையன் வைத்துக்கொண்டிருப்பான் என்றுதான் நான் நம்ப விரும்புகிறேன், ஆனால் படம் அதை நம்பவில்லை.

இன்னொன்று. படம் நடப்பது ஊட்டியில், அங்கே ஹஸ்கி இருக்கலாம். விழுப்புரத்தில் நான் தினமும் கடந்துபோகும் ஒரு கடையில் ஹஸ்கி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். கத்திரி வெயிலில் ஷட்டருக்குப் பின்னால், ஈரச் சாக்கின் மேல், ஒரு டேபிள் ஃபேனுக்கு எதிரே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கும். ஒரு நாள் சங்கிலி மட்டும் இருந்தது. “பண்ணையில வுட்டுட்டோம் சார்” என்றார்கள். எந்தப் பண்ணை என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். நான் கருப்பிக்கு ஒரு வாரம் போடுகிற பொறைக்கு இதைவிட அதிகம் ஆகும்.

‘777 சார்லி’ இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். லாப்ரடார் குட்டிகள் எங்கிருந்து வருகின்றன, நெருங்கிய உறவுக்குள்ளேயே சேரவிட்டுக் குட்டி எடுத்தால் உடம்பில் என்ன ஆகும் என்பதை ஒரு வெகுஜனப் படம் கதையின் மையத்தில் வைத்தது சின்ன விஷயமில்லை. முதல் பாதியில் வீடு நாசமாவது, தர்மா எரிச்சல்படுவது எல்லாம் எனக்குப் பிடித்தது. எரிச்சல் இல்லாமல் நாய் வளர்த்தவர் யாரும் கிடையாது. ஆனால் சார்லிக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் படம் மோட்டார் சைக்கிள் ஏறிப் பனிமலைக்குப் போய்விடுகிறது. நோய் ஒரு பயணமாக மாறிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பெரிய நோய் வந்தால் போகிற பயணம் வேறு. உள்ளூரில் இருப்பதை ஜனங்கள் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள், பெயருக்கேற்ப மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அங்கே முதலிடம். அதைத் தாண்டினால் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடைக் கல்லூரி, அதையும் தாண்டினால் சென்னை வேப்பேரி. வாடகைக்குக் குட்டியானை பிடித்து, மடியில் பழைய போர்வை போட்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு போய் வர வேண்டும். மறுநாள் வேலைக்கும் போக வேண்டும். பனிமலைக்குப் போகிற தர்மாவைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தன்தான். சிரிஞ்சில் கஞ்சி ஊட்டுகிற ஒரு காட்சிக்கு அதே அளவு அழ வைக்கிற இயக்குநர் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

‘பரியேறும் பெருமாள்’ வேறு ஜாதிப் படம். இந்த வார்த்தையைத் தெரிந்தேதான் போடுகிறேன். அதில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுக் கொல்வது நாயின் மேல் இருக்கும் கோபத்தால் இல்லை, அது யாருடைய நாய் என்பதால். மனுஷனுக்குச் செய்வதுபோல் அழுது அடக்கம் செய்கிறார்கள். அந்த ஒப்பாரி எனக்குக் கொஞ்சமும் மிகையாகப் படவில்லை. மற்ற ரெண்டு படங்களிலும் நாய் ஒரு வீட்டுக்கு, ஒரு ஆளுக்குச் சொந்தம். இதில் ஒரு தெருவுக்குச் சொந்தம். நாய்க்கு ஊர், காலனி என்ற கோடு கிடையாது, எங்கள் கருப்பி ரெண்டு பக்கமும் சோறு தின்னும். ஆனால் ஆயாவைக் கடித்த அன்று கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி, “இது எந்தத் தெரு நாய்?” கேட்ட தொனியிலேயே பதிலும் இருந்தது. மாரி செல்வராஜ் அந்தத் தொனியைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

அப்படியும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. செத்த பிறகு கருப்பி மெல்ல மெல்ல ஒரு தெய்வமாகிவிடுகிறது. பரியன் சாகக் கிடக்கும்போது வந்து எழுப்புகிறது. படத்துக்கு அது தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தெருப் பசங்க எடுத்துக்கொண்டது அந்தத் தெய்வத்தைத்தான். பெயர் வைத்தார்கள், சுவரில் படம் வரைந்தார்கள், அதன்மேல் உயிரையே வைத்தார்கள். ஊசி போடவில்லை. அவர்களைச் சொல்வானேன், நான் எம்.ஏ. படித்தவன், நானும்தான் போடவில்லை. அந்தப் படம் வெளியானது 2018 செப்டம்பர் 28. லூயி பாஸ்டர் இறந்த நாள், உலக வெறிநோய் தினம். தற்செயல்தான், ஆனால் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் நாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்துகொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் 22 அன்று வேறொரு அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது, வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் தவிர. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றி, திரும்ப அங்கே விடக் கூடாது என்றார்கள். விழுப்புரம் ஜங்ஷன் ஐந்து பக்கம் லைன் பிரிகிற இடம், பிளாட்பாரம் தவறாமல் நாய் இருக்கும். கடிபட்ட குழந்தையின் அம்மா இந்த உத்தரவைக் கேட்டு நிம்மதியடைவார், அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. ஆயாவின் காலைப் பிடித்தவன் நான். ஆனால் ‘அகற்றி’ என்ற சொல்லுக்கும் ‘பண்ணையில வுட்டுட்டோம்’ என்பதற்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அடைத்து வைத்தாலும் சோறு, தண்ணி, ஊசி, சொறி மருந்து எல்லாம் தினமும் ஒருத்தர் செய்தாக வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்பதற்குத் திரையிலும் பதில் இல்லை, உத்தரவை நிறைவேற்றப் போகிற நம்ம ஊர்களிலும் இன்னும் இல்லை.

பத்து நாள் முடிந்தது, கருப்பிக்கு ஒன்றும் இல்லை. குட்டிகள் பால் மறந்த பிறகு, கட்டையோடு நின்ற அதே ரெண்டு பேரும் நானும் சேர்ந்து, பொறையைக் காட்டிப் போர்வையைப் போட்டுப் பிடித்தோம். எனக்குக் கையில் கீறல், எனக்கும் ஊசி. குட்டியானையில் ஏற்றிப் புதுச்சேரிப் பக்கம் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷனும் தடுப்பூசியும் முடித்தோம். குட்டிகளில் மூன்று தங்கின. ஒன்றை டீக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார், ரெண்டு தெருவோடு சுற்றுகின்றன.

28ஆம் நாள் கடைசி ஊசிக்கு ஆயாவை நான்தான் அழைத்துப்போனேன். திரும்பும்போது கருப்பி டீக்கடை வாசலில் படுத்திருந்தது. ஆயா பாதையின் அந்த ஓரத்துக்கு விலகிப் போனார். இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு, “ரெண்டு குட்டி தெருவுல சுத்துதே, அதுங்களுக்கு எப்போ ஊசி?” என்று கேட்டார். மூணு மாசம் ஆனதும் போடணும் என்றேன். மருமகளைக் கூப்பிட்டு, காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வைக்கச் சொன்னார்.