நாடியைத் தொடாத நோயறிதல்

‘ஆன்கா’ சோதனையால் பிழைத்த சிறுநீரகங்கள் ஏராளம். 1982இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டு, 1985இல் ரத்தக்குழாய்களைத் தாக்கும் வெகனர் நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனை அது. அதற்கு முன் இந்த நோயைப் பிடிக்க மாதக்கணக்கில் ஆனது. சிகிச்சை கிடைக்காதவர்கள் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டவில்லை. நாளுக்கு நாள் கிரியாட்டினின் ஏறும் நோயாளிக்கு இன்றும் இதை உடனே எழுதத்தான் வேண்டும்.

ஆனால் மூட்டுவலி, அசதி, விடாத காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் எழுதுவதை என்னவென்று சொல்வது? தட்டிக்கேட்டால், 2022இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதவியல் சங்கங்கள் வெளியிட்ட விதிகளைக் காட்டுகிறார்கள். வெகனருக்கு 5 புள்ளி போதும், ஆன்காவில் ஒரு வகையான பி.ஆர்.3 ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆனாலே 5 வந்துவிடுகிறது. அதே விதிகளில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: ரத்தக்குழாய் அழற்சி என்று உறுதியான பிறகு, அதுபோலத் தோன்றும் மற்ற நோய்களை விலக்கிய பிறகே புள்ளி போட வேண்டும். ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைபிரிக்க வந்த கணக்கு அது. நிபந்தனையை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் படிப்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அசதியென்று வரும் 1000 பேரில் 5 பேருக்கு இந்த நோய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நோயில்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விடுவிக்கும் சோதனைகூட, மீதி 995 பேரில் ஏறக்குறைய 50 பேரைத் தவறாகப் பிடிக்கும். உண்மையான நோயாளிகள் 5 பேரும் சிக்கினாலும், பாசிட்டிவ் வந்த 55 பேரில் 50 பேருக்கு நோயே இல்லை.

நம் ஊரில் அந்த 50 பேரில் டி.பி. நோயாளிகளும் இருப்பார்கள். இருமலில் ரத்தம், நுரையீரலில் குழி, எடைக்குறைவு, மாலைக் காய்ச்சல் இரண்டு நோய்க்கும் பொது. டி.பி. நோயாளிகளிடமும் ஆன்கா தென்படுவதை மும்பை ஆய்வாளர்கள் 2004இலேயே எழுதிவிட்டார்கள். இதய வால்வில் கிருமித்தொற்று இருந்தாலும் பி.ஆர்.3 பாசிட்டிவ் வரலாம். சளியைச் சோதிக்காமல், எக்கோ எடுக்காமல், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்காமல் ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் ஏற்றினால், அடங்கிக் கிடந்த கிருமிக்கு வாசலைத் திறந்துவிட்டதாகும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஏலகிரி அடிவாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போகும் 22 வயதுப் பெண்ணுக்கு, மெஷினில் உட்கார்ந்தால் இடது கை சோர்ந்து வலிக்கிறது என்று வையுங்கள். டகயாசு நோயாக இருக்கலாம். இந்தியாவில் இளம் பெண்களின் பெருந்தமனியைத் தாக்குவதில் முதலிடம் அதற்குத்தான். அதைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி எதுவும் நடைமுறையில் இல்லை. ஆன்கா நெகட்டிவ் என்று தாள் வரும். ‘ஒண்ணுமில்லம்மா’ என்று வலிமாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு கையிலும் நாடியைத் தொட்டு, ரத்த அழுத்தத்தைத் தனித்தனியே அளந்திருந்தால் சில நிமிடங்களில் சந்தேகம் வந்திருக்கும். அதற்கு லேப் தேவையில்லை. பில்லும் வராது என்பதால்தானோ என்னவோ, யாரும் தொடுவதில்லை.

இத்தனைக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய இந்திய டகயாசு அளவுகோல், ‘ஐடாஸ் 2010’, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நோயின் வீரியத்தை அது மறைந்த நாடியிலும், கழுத்துக் குழாயின் இரைச்சலிலும், ஏறிய ரத்த அழுத்தத்திலும் தேடுகிறது. பின்னர் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து விரித்தபோது அவர்கள் எடுத்துக்கொண்டவை அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும்தான். ஆன்டிபாடிக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.