கொள்ளைநோயும் திருச்சபைப் புதுப்பித்தலும்: லூத்தரின் 1527ஆம் ஆண்டு மடல் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

கூடி வழிபடும் சமயத்தார் எவருக்கும் கொள்ளைநோய்க் காலம் நெருக்கடியைத் தருவதாகும். கிறித்தவத்தில் அந்நெருக்கடி கூர்மை மிக்கது. 'திருச்சபை' என நாம் வழங்கும் சொல்லே கூடியிருப்போரைக் குறிப்பது. கூட இயலாத சபை சபையாகுமா என்னும் வினா 2020இல் கோவிட்-19 பரவியபோது வலுவாக எழுந்தது. சிங்கப்பூர்க் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் அவ்வாண்டு பிப்ரவரி 15 முதல் பொதுத் திருப்பலிகளை நிறுத்தியது. மலேசியாவில் மார்ச் 18இல் நடப்புக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வழிபாட்டுக் கூடுகைகள் தடைப்பட்டன. அக்காலத்தில் உலகெங்கும் பலரால் எடுத்தாளப்பட்ட பழைய எழுத்து ஒன்று, மார்ட்டின் லூத்தர் 1527இல் எழுதிய திறந்த மடலாகும். கொடிய கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்பது அதன் பொருள். அம்மடலை முழுமையாக வாசித்து மதிப்பிட இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

மடலின் பின்புலம்

1527 ஆகஸ்டில் செர்மனியின் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் புகுந்தது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாற்றப்பட்டது. இளவரசர் யோகான், லூத்தரையும் வெளியேறுமாறு பணித்தார். லூத்தர் இணங்காமல் சபைக்குரு புகன்ஹாகனுடன் நகரிலேயே தங்கினார். நாளடைவில் அவருடைய இல்லமே மருத்துவமனையாயிற்று. பிரெஸ்லாவ் நகரக் குருமார் முன்னரே விடுத்திருந்த வினாவுக்கு, அந்நகரின் யோகான் ஹெஸ் என்பாரை விளித்து அவர் எழுதிய மறுமொழியே இம்மடல்.

மடலின் வாதம்

வினாவுக்கு 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ லூத்தர் ஒரு சொல்லில் விடை கூறவில்லை. உயிரைக் காக்க விழைவது இயற்கை. அது பாவமாகாது என்று முதலில் நிறுவுகிறார். பின்னர் அவ்வுரிமைக்கு எல்லை வகுக்கிறார். போதகர், நகராட்சியாளர், ஊதியம் பெறும் நகர மருத்துவர் ஆகியோர் தம் பொறுப்பை விட்டு நீங்கலாகாது. பெற்றோரும் பிள்ளைகளும், தலைவரும் பணியாளரும் ஒருவரையொருவர் கைவிடலாகாது. ஏனையோரும் நோயாளியைப் பேணப் பிறர் இருந்தால் மட்டுமே விலகலாம். அச்சத்தால் கடமை துறப்போரைக் கண்டிக்கும் அவர், மருந்தை இகழ்ந்து துணிச்சல் காட்டுவோரையும் அதே வன்மையுடன் கண்டிக்கிறார்.

பகுதி வாசிப்பின் குறை

2020இல் இம்மடலின் ஒரு பத்தியே மிகுதியாகப் பரவியது. வீட்டுக்குப் புகையிடுதல், மருந்துண்ணுதல், தேவையற்ற இடங்களைத் தவிர்த்தல் ஆகியன அதில் கூறப்படுகின்றன. ஆலயங்களை மூடுவதை ஆதரித்தோர் அதனைச் சான்றாகக் காட்டினர். ஆனால், அயலான் தேவையுற்றால் தயங்காது செல்வேன் என்னும் உறுதியும் அதே பத்தியில் உண்டு. மறுபுறம், மடலின் துணிவை மட்டும் போற்றியோர், எச்சரிக்கை அற்றவன் பிறர் சாவுக்குக் காரணமாவான் என்னும் அதன் இடித்துரையை விட்டுவிட்டனர். ஆலயத்தை மூடுமாறு லூத்தர் எங்கும் கூறவில்லை. அருளுரை கேட்கவும், நோய் முற்றுமுன் திருவிருந்து பெறவும் அறிவுறுத்துகிறார். ஆகவே, பிற்காலத்தார் வழக்கு எதற்கும் இம்மடலை நேர்ச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. நோயாளியைப் பேணுவார் யார் என்பதே மடலின் மைய வினா என்பது நம் கருத்து.

புதுப்பித்தலின் அளவுகோல்

நோயுற்ற அயலானிடத்தில் கிறித்துவையே காணலாம் என மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தைக் கொண்டு லூத்தர் வாதிடுகிறார். செர்மானிய மொழியில் வழிபாட்டைக் குறிக்கும் சொல்லுக்கு 'இறைப்பணி' என்பதே நேர்ப்பொருள். தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'ஆராதனை', 'ஊழியம்' என இருவேறாக நிற்பவை இம்மடலில் ஒன்றாகின்றன.

இவ்வளவுகோல் நமக்கும் உரியது. 2020இல் 'புதுப்பித்தல்' என்பது பெரும்பாலும் இணையவழி வழிபாட்டையே சுட்டியது. படுக்கையில் கிடந்தோருக்கு அது ஆறுதல் தந்தது உண்மையே. எனினும், அவ்வாண்டு சிங்கப்பூரில் தொற்றுக்குள்ளானோரில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர். அவர்களுள் தமிழரும் பலர். அவர்களை நோக்கி எத்தனைக் கைகள் நீண்டன என்பதைக் கொண்டே, மடலின் நோக்கில், சபையின் புதுப்பித்தலை அளக்க வேண்டும்.

மடலின் குறைகள்

நோயை வேண்டுமென்றே பரப்புவோர் உளர் எனக் கேள்வியுற்ற லூத்தர், அவர்களுக்குக் கொலைத் தண்டனை கோருகிறார். இத்தகைய ஐயமே 1348–49 காலக் கொள்ளைநோயின்போது ஐரோப்பிய யூதர்மீது படுகொலைகளை ஏவியது. அவ்வரலாற்றை அறிந்த நாம் இப்பகுதியை ஏற்பதற்கில்லை. மேலும், கருவுற்ற நிலையில் அவ்வில்லத்தை நடத்திய மனைவி காத்தரீனாவின் உழைப்பு மடலில் இடம்பெறவில்லை. பேணுதலைப் போற்றும் எழுத்தே பேணியவரை மறந்தது பெருங்குறையாகும்.

முடிவுரை

இக்குறைகளுக்கு இடையிலும் மடல் தன் மதிப்பை இழக்கவில்லை. அச்சத்துக்கும் அசட்டுத் துணிவுக்கும் நடுவே பொறுப்பு என்னும் வழியை அது காட்டுகிறது. கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்னும் வழக்கோடு நில்லாமல், மூடிய கதவுக்கு வெளியே சபை யாது செய்தது என்று ஆராய்வதே கொள்ளைநோய்க்கால வழிபாட்டை மதிப்பிடுவோர்க்கு உரிய நெறியாகும்.