உண்பவனும் விற்பவனும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திருவண்ணாமலைக்கு வந்த ஆளுநர் ஆர். என். ரவி, கிரிவலப்பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பதைக் குறித்து வருத்தம் தெரிவித்தார். உணவு தனிமனித உரிமை என்று அமைச்சர் எ. வ. வேலு மறுமொழி கூறினார். இவ்வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் கடைக்காரர். அக்கடையில் உண்டவர் எவர் என்று கேட்பார் இல்லை.

'புலால் மறுத்தல்' அதிகாரத்தின் நோக்கோ இதற்கு நேர்மாறானது. உண்பதன்பொருட்டு உலகம் கொல்லாதாயின், பொருளின்பொருட்டு ஊன் விற்பார் எவரும் இரார் என்கிறது 256ஆம் குறள். பின்னர் நிகழும் உண்கை முன்னர் நிகழ்ந்த கொலைக்குக் காரணமாகாது என்று வாதிடும் ஒருவனுக்கு விடையாகப் பரிமேலழகர் இதனை விளக்குகிறார். கூர்மையான வாதமே, ஆயினும் இன்று உண்ணும் கோழியே நாளைய குஞ்சைக் கொட்டகைக்கு அழைக்கிறது. எனவே குறளை ஏந்திக் கடைக்காரரைத் துரத்துவோர் அதனைத் தலைகீழாக வாசிக்கின்றனர் என்றே கருதுகிறோம்.

எனினும் இக்குறள் அறிந்தவர் இருவரே. இன்று பல்லடம் வட்டாரத்தில் இருவருக்கும் இடையே நிறுவனம் நிற்கிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் அதனுடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. அவர் பெறுவது வளர்ப்புக்கூலி. ஏறத்தாழ 40 நாட்களில் கோழி எடைக்கு வந்துவிடும். மனிதருக்குக் கடைசி மருந்தாகக் காத்துவைக்கப்பட்ட கொலிஸ்டின், கோழியின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கப்பட்டது. 2019 ஜூலையில் நடுவணரசு அதனைத் தடைசெய்தது. ஒருவர் தம் இலையில் கறியை விலக்கியதால் மட்டும் இது நின்றிராது. இங்கு உண்பவனை மட்டும் குறைகூறுவது நிறுவனத்திற்கு வசதியானது.

அதே நிறுவனத்தைக் காட்டி நாம் தப்பிக்கொள்வதும் எளிதே. கடையில் விற்கும் இறைச்சியைக் குறித்து மனச்சாட்சியினிமித்தம் விசாரியாதிருங்கள் என்னும் பவுலடியாரின் சொல்லை (1 கொரி. 10:25) நம் பிரசங்க பீடங்கள் கேடயமாக்கியுள்ளன. அங்கு எழுந்த வினா விக்கிரகப் படையலைப் பற்றியது, கொட்டகையைப் பற்றியதன்று. சகோதரனுக்கு இடறலாகுமாயின் இறைச்சியையே விட்டுவிடுவேன் என்று இதே நிருபத்தில் (8:13) எழுதியவரும் அவரே. அந்தச் சகோதரன் யார்? கூலிக்கு வளர்ப்பவரும், வெட்டித் தருபவரும் அவ்வரிசையில் உண்டு. வெட்டிய கையிலிருந்து கறியை வாங்கிக்கொண்டு, அக்கைக்குரியவரைத் தள்ளிவைக்கும் சாதிவழக்கம் நம் சபைகளுக்கும் அந்நியமானதன்று.

நம் சேகரங்களின் அசனத்திற்கு ஆடோ கோழியோ வாங்குகையில், விலையையன்றி வேறொன்றை விசாரித்ததாக நமக்கு நினைவில்லை.