யாசகம் கேளாத காவலாளி

வீட்டுக் கணனியைப் பாதுகாக்க வந்த மென்பொருள்களுள் பெரும்பாலானவை, பாதுகாக்கும் நேரத்தைக் காட்டிலும் தாம் பாதுகாப்பதாகப் பறைசாற்றும் நேரத்தையே அதிகமாகச் செலவிடுகின்றன என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். இலவசமென்று சொல்லி வந்த வைரஸ் ஒழிப்பான் ஒன்று சில வருஷங்கள் என் கணனியில் குடியிருந்தது. காலையில் கணனியைத் திறந்தவுடன் உங்கள் அந்தரங்கம் ஆபத்தில் என்று பயமுறுத்தும். மத்தியானத்தில், குப்பைக் கோப்புகள் குவிந்துவிட்டன, பணம் கட்டினால் பெருக்கித் தருகிறேன் என்று கையேந்தும். இரவானால், ஐம்பது வீதக் கழிவு இன்று நள்ளிரவோடு முடிகிறதென்று அவசரப்படுத்தும். அந்த நள்ளிரவு மட்டும் ஒருபோதும் வந்ததில்லை.

அதனை நீக்கி, விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டரைக் கோப்புகளுக்குக் காவலாக விட்டு, ஃபயர்பொக்ஸ் உலாவியில் யூபிளொக் ஒரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பானை ஏற்றி வாரங்கள் பல கழிந்துவிட்டன. இத்தனை நாளில் அது என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உலாவியின் மேல்விளிம்பில் ஒரு சிவப்புக் கேடயம், அதன் மூலையில் தடுத்தவற்றின் எண்ணிக்கை. அவ்வளவே அதன் இருப்புக்கு அடையாளம்.

விளம்பரத்தைத் தடுப்பதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று கடந்தகால வினாத்தாள் தேடும்போது ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையிலிருந்து கணிதத்தில் சந்தேகம் கேட்க வரும் ஒரு சிறுமி தன் மடிக்கணனியில் திறந்து காட்டிய தளத்தில், ‘டவுன்லோட்’ என்று கொட்டை எழுத்தில் பச்சைப் பொத்தான்கள் மூன்று இருந்தன; அவற்றுக்கெல்லாம் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் மங்கலாகத் தெரிகிற சிறு எழுத்தில் ஒரு தொடுப்பு. “சேர், இதில எதை அமத்துறது?” என்றாள். “பச்சையைத் தொடாத பிள்ளை” என்றேன். பச்சை மூன்றும் விளம்பரங்கள். வினாத்தாள் இருந்தது சாம்பலில். என் கணனியில் அதே பக்கத்தைத் திறந்தபோது பச்சைப் பொத்தான்களைக் காணோம். எந்த ஆரவாரமுமின்றி அந்தச் சாம்பல் தொடுப்பு மாத்திரம் நின்றது. வைரஸ் ஒழிப்பான் விஷம் உள்ளே போன பிறகு மருந்து தேடுகிறது. இதுவோ விஷப் போத்தலைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. பெயர்பெற்ற நிறுவனங்களின் வேஷத்தில் தேடுபொறிகளில் விளம்பரம் கொடுத்து மோசடி செய்வோரைப் பற்றி 2022 டிசெம்பரில் எச்சரித்த அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., விளம்பரத் தடுப்பானை உபயோகிக்கும்படி பொதுமக்களுக்கு யோசனை சொன்னதும் இக்காரணம் பற்றியே. விளம்பரம் இறங்காமையால், ரீலோட் போட்டு வாங்கும் டேட்டாவும் மாதக் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது.

(பாடநூல்தான் வேண்டுமென்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்; பழைய ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் தளம் இருக்கிறது. அங்கெல்லாம் இந்தத் தடுப்பானுக்குச் செய்வதற்கு வேலையில்லை.)

இந்தத் தடுப்பானை ஆக்கியவர் கனடாவில் வசிக்கும் ரேமண்ட் ஹில். 2014இல் வெளியிட்டார்; அடுத்த வருஷமே நிர்வாகச் சலிப்பினால் இன்னொருவரிடம் கையளித்தார்; கையேற்றவர் நன்கொடை வசூலிக்கலானார்; ஹில்லோ தமது பிரதியை ‘ஒரிஜின்’ என்ற பின்னொட்டோடு தனியே நடத்தலானார். பழைய பெயரோடு நின்ற யூபிளொக் பிற்காலத்தில் கைமாறி, ‘ஏற்கத்தக்க’ விளம்பரங்கள் என்ற ஏற்பாட்டில் 2019இல் சேர்ந்து, சில விளம்பரங்களுக்குக் கதவு திறந்துவிட்டது. ஆகவே ஏற்றும்போது ஒரிஜின் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுவது உத்தமம். ஹில் இன்றுவரை நன்கொடை வாங்குவதில்லை. கொடுத்தே தீருவேன் என்பவர்களை, தடுப்புப் பட்டியல்களைத் தொகுக்கும் தொண்டர்களிடம் அனுப்பிவிடுகிறார். பணம் கேட்கும் அவசியம் இல்லாததனாலேயே நம்மைப் பயமுறுத்தும் அவசியமும் இந்த மென்பொருளுக்கு இல்லாமற் போயிற்று என்பது என் ஊகம். இதில் நான் பட்சபாதமுள்ளவன் என்பதை வாசகர் இதற்குள் கண்டிருப்பார்கள்.

ஆயினும் இந்த மௌனமே சில வேளைகளில் உபத்திரவமாகவும் முடிகிறது. கட்டணம் செலுத்தும் பக்கமொன்றில் எல்லா விபரமும் நிரப்பி, கடைசிப் பொத்தானை அமத்தினால் எதுவும் நடவாது. திரும்ப அமத்தினாலும் அப்படியே. வங்கியின் கோளாறோ, இணைப்பின் கோளாறோ, எங்கே கோளாறு என்று யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்ட பின்னரே, இரகசிய எண் கேட்கும் சிறு சாளரத்தைத் தடுப்பான் விழுங்கியிருப்பது புலப்படும். கேடயத்தைத் திறந்து, உள்ளேயிருக்கும் பெரிய நீலப் பொத்தானை அமத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் தடையை நீக்கி, பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அப்படிச் செய் என்று அது வாய் திறந்து சொல்வதில்லை. வயதான மாமிக்கோ சித்தப்பாவுக்கோ இதை ஏற்றிக் கொடுப்பவர், இந்த நீலப் பொத்தானை ஒருமுறை விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இன்னொரு குறை நம்மவர்க்கே உரியது. உலாவியை ஆங்கிலத்தில் வைத்திருப்போர்க்கு, தமிழ், சிங்களத் தளங்களின் விளம்பரங்கள் பல இதன் பிடியிலிருந்து நழுவிவிடும். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய தேசங்களுக்கென்று இந்தியன்லிஸ்ட் என்றொரு பட்டியல் இதனுள்ளேயே இருந்தும், உலாவியின் மொழியைப் பார்த்தே அது தெரிவு செய்யப்படுவதால், ஆங்கிலக்காரர் என்று நம்மை எண்ணி அதைத் தூங்கவிட்டுவிடுகிறது. அமைப்புகளுக்குப் போய், வடிகட்டிப் பட்டியல்களில் பிராந்தியங்களும் மொழிகளும் என்ற பகுதியை விரித்து, நாமே சரி அடையாளம் போட வேண்டும்.

குரோம் உலாவியை விடமாட்டேன் என்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. கூகிள் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றி, 2024 தொடங்கி 2025க்குள் யூபிளொக் ஒரிஜினைக் குரோமிலிருந்து வெளியேற்றிவிட்டது. பதிலுக்கு லைட் என்றொரு பதிப்பு உண்டு, அது பரவாயில்லை ரகம். விளம்பரத்தால் வாழும் கம்பனி விளம்பரத் தடுப்பானின் எல்லையை நிர்ணயிக்கிறது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை; ஃபயர்பொக்ஸுக்கு மாறாதவர்களைக் காணும்போதுதான் ஆச்சரியம்.

உலாவிக்கு வெளியே இந்தக் காவல் செல்லாது என்பதையும் சீட்டு விளையாட்டுப் பிரியர்கள் அறிய வேண்டும். 1988இல் மைக்ரோசொஃப்ட்டில் பயிலுநராக இருந்த வெஸ் செரி எழுதி, 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்து, எத்தனையோ கந்தோர்களின் பிற்பகல்களைக் களவாடிய சொலிடெயர் விளையாட்டு, இப்போது ஆட்டத்துக்கு ஆட்டம் விளம்பரம் காட்டி, வேண்டாமென்றால் சந்தா கட்டு என்கிறது. நான் அதனைத் தலைமுழுகிவிட்டு, சைமன் டேதம் ஆக்கி இலவசமாகக் கொடுக்கும் சிறு புதிர்த் தொகுப்புக்கு மாறிவிட்டேன். கண்ணிவெடி தேடும் ஆட்டமும் சுடோகுவும் உட்பட அதிலுள்ள யாவும் உலாவியிலேயே ஓடுகின்றன. விளம்பரம் மருந்துக்கும் இல்லை.

விளம்பரத்தால் வயிறு வளர்க்கும் தமிழ்ச் செய்தித் தளங்களின் கதி என்ன என்ற கேள்வி நியாயமானதே. தினமும் வாசிக்கிற சிறிய தளங்கள் சிலவற்றுக்கு நீலப் பொத்தானை அமத்தி விலக்களித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று, மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருக்கையில் உரத்த சத்தத்தோடு சவர்க்கார விளம்பரத்தைத் தானாக ஓடவிட்டது. அதன் விலக்கு அன்றோடு ரத்து. மற்றவற்றுக்குத் தொடர்கிறது.