சாக்குருவியும் சாவின் காரணமும்

பத்தாந்தர மாணவன் ஒருவன் 'மறக்க முடியாத இரவு' என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையை அண்மையில் திருத்த நேர்ந்தது. நள்ளிரவில் சாக்குருவி கத்தியதாகவும், விடியுமுன் அம்மம்மா கண்ணை மூடியதாகவும் எழுதியிருந்தான். "அம்மம்மாவுக்குக் காய்ச்சல் எத்தனை நாள்?" என்று கேட்டேன். "எட்டு நாள், சேர்" என்றான். அந்த எட்டு நாள்களில் ஒன்றுகூடக் கட்டுரையில் இடம்பெறவில்லை.

மாணவனைக் குறைகூறிப் பயனில்லை. கதையில் ஒருவர் சாகவேண்டுமானால் முதலில் ஓர் ஆந்தை அலறவேண்டும் என்பதை நம் சிறுகதைகளும் நாடகங்களும் திரைப்படங்களும் எழுதாச் சட்டமாக்கி வைத்துள்ளன. அச்சட்டம் வந்த வழியை ஆராய்வது இலக்கியத்துக்கும் நன்று, வாழ்வுக்கும் நன்று.

பழந்தமிழ்ப் புலவர் கூகையை நன்கறிவர். இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த காட்டிலே, பழைய மரத்துப் பொந்திலிருந்து அது குரலெழுப்புவதைப் புறநானூற்றின் 364ஆம் பாடல் காட்டுகிறது. பாடிய புலவர் அதனாலேயே கூகைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். எனினும் அக்கூகை எவர் சாவையும் முன்னறிவிக்கவில்லை. ஆள் நடமாட்டமற்ற இடத்திலே மரங்கள் முதிரும். முதிர்ந்த மரத்திலே பொந்து விழும். பொந்திலே பறவை குடியேறும். புலவர் கண்டதைக் கூறினார். நற்றிணையின் 83ஆம் பாடலிலோ, கூகை ஊர்வாயில் மரத்திலே வாழ்கிறது. காதலன் வரவை நோக்கி உறக்கமின்றித் தவிக்கும் பொழுதில் அச்சந்தரக் கூவாதே என்று தோழி வேண்டுகிறாள். இறைச்சியும் சோறும் தருவதாகவும் சொல்கிறாள். அச்சம் இங்கும் உண்டு. சாவின் நிழல்தான் இல்லை.

ஊர்வாயிற் பறவை எமதூதனானது எவ்வாறு? நோயாளி கிடக்கும் வீட்டில் இரவு முழுவதும் விளக்கெரியும். விளக்கை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளை நாடிச் சிறு ஆந்தை வரும். காவலிருந்து விழித்திருப்போர் காதிலேயே அதன் குரல் விழும். நோயாளி இறந்தால் குரல் நினைவில் நிற்கும், பிழைத்தால் மறந்துபோகும். சாக்குருவி எனப்படும் வெண்கூகையோ ஓசையின்றிப் பறந்து திடீரெனக் கிறீச்சிடுவது. திருக்கோவிற் கடற்கரையில் ஆடி அமாவாசைத் தீர்த்தமாடியபின், பிதிர்களின் பெயரால் காகத்துக்குச் சோறிடுகிறோம். காகத்துக்கும் சாவோடு தொடர்புண்டு. பகலில் முற்றத்தில் உலவும் அப்பறவை உறவாயிற்று. இரவில் முகங்காட்டாத பறவை பகையாயிற்று.

அறியாமையோடு கையறுநிலையும் இதிற் கலந்திருந்தது. உலர்வலயக் கிராமங்களில் மலேரியா நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. 1934–35இல் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. குத்திய நுளம்பை எவரும் ஐயுறவில்லை. கத்திய பறவை பழியேற்றது. மருந்தும் மருத்துவரும் எட்டாத மக்களுக்குச் சாவுக்கென ஒரு காரணம் வேண்டியிருந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதற்காக ஒரு கூகையைக்கூடக் கொல்ல வேண்டியிருக்கவில்லை.

மக்கள் கற்பனையை நான் இகழவில்லை. சிங்கள மக்களின் 'உலமா' கதையிலே, மனைவிமீது ஐயங்கொண்ட கணவன் குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே படைக்கிறான். கறியிலே பிஞ்சு விரலைக் கண்ட தாய் காட்டுக்கோடிப் பறவையாகிக் கதறுகிறாள். அக்கதறலைக் கேட்டால் சாவு வரும் என்று அஞ்சுவோர், அதிலுள்ள பெண்ணின் முறையீட்டைக் கேளாது விடுகின்றனர். கொல்லப்பட்டவன் தலையிலிருந்து 'ஹாமா' என்னும் ஆந்தை வெளிப்பட்டுப் பழிவாங்கக் கோரும் என்று பண்டை அரபு மக்களும் நம்பினர். நபிகள் நாயகம் (ஸல்) அந்நம்பிக்கையை மறுத்ததை, நம் அயலிலுள்ள கல்முனை முஸ்லிம் நண்பர்கள் ஹதீஸ் வழியே அறிவர்.

இலக்கியத்திலே கூகை தாராளமாக வரட்டும். வேளாண்மையைத் தின்னும் எலியை அது வேட்டையாடட்டும், இரவெல்லாம் அலறட்டும். காய்ச்சலின் எட்டு நாள்களை மறைக்கும் திரையாக மட்டும் அது வரலாகாது. வைத்தியசாலைக்குச் செல்லக் கையிற் காசில்லையா, துணைக்கு ஆளில்லையா, முதுமைதானே என்று வீட்டார் விட்டுவிட்டனரா? இவற்றைக் கேட்பது எழுதுவோர் கடமை.

மாணவனிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, அந்த எட்டு நாள்களையும் எழுதிவரச் சொன்னேன். "அப்ப சாக்குருவியை வெட்டிவிடட்டா, சேர்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது கத்தியது உண்மைதானே.