மூன்று எழுத்து

'செட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவர்கள் கணக்கில் மூன்றே எழுத்து. 1989-ல் வெளியான ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலோ அதற்கு 400-க்கு மேற்பட்ட பொருள்! சூரியன் அஸ்தமிப்பதும் செட்; முறிந்த எலும்பைக் கூட்டுவதும், சாப்பாட்டு மேஜையில் தட்டு வைப்பதும், சிமெண்டு இறுகுவதும் அதுவேதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் எல்லாவற்றுக்கும் 'அமை' என்று போட்டுவிடுகிறார்கள். 'மேஜையை அமைத்தாள்' என்று படித்தால், அம்மாளுக்குத் தச்சு வேலை தெரியும் போலிருக்கிறது!

பிறரை ஏன் சொல்ல வேண்டும்? நான் மொழிபெயர்த்த கதை ஒன்றில், ஓடிப்போன மகன் வாசலில் வந்து நிற்கிறான்; தாயின் முகம் 'செட்' ஆகிறது. 'அவள் முகத்தில் அமைதி குடிகொண்டது' என்று எழுதிவிட்டேன். இறுகிப்போயிற்று என்றல்லவா இருக்க வேண்டும்! மன்னிக்க மாட்டாத கிழவியை ஒரே வரியில் மன்னிக்க வைத்துவிட்டேன். அந்தக் கட்டம் வெகு உருக்கம் என்று நாலைந்து பேர் கடிதம் வேறு எழுதினார்கள்.